விளம்பர வேன் அர்ஜுனனும் பூனைக் குடல் காய்ச்சலும்

எண்பதுகளின் தொடக்கத்தில் பினாங்கின் டத்தோ கிராமாட்டில் குடியிருந்தவர்களுக்கு அர்ஜுனனின் முகம் தெரியாமல் இருந்திருக்கலாம். அவருடைய குரல் தெரியாமல் இருக்க வழியே இல்லை. தமிழ்ப் படம் போடும் ஒரு தியேட்டருக்கு அவர் விளம்பர வேன் ஓட்டினார். கூரையில் இரண்டு ஒலிபெருக்கிக் குழாய், பக்கவாட்டில் போஸ்டர் ஒட்டிய பலகை, ஒரு கையில் ஸ்டீயரிங், இன்னொரு கையில் மைக். வேன் தெருவுக்குள் நுழையுமுன் குரல் நுழைந்துவிடும். "இதோ வருகிறது! வந்தேவிட்டது!" என்று அவர் ஆரம்பித்தால் அடுப்பில் பால் வைத்தவர்களும் வாசலுக்கு ஓடி வருவார்கள். படத்தின் பெயருக்கு முன்னால் மூச்சை நிறுத்தி, எல்லாரையும் ஏங்க வைத்து, பிறகு அந்தப் பெயரை மூன்று முறை சொல்வார். முடிவில் "காணத் தவறாதீர்கள்!" என்று ஒரு முழக்கம். இரண்டே நாளில் பெட்டிக்குள் போன படங்களைக்கூட அந்த மனிதர் நூறு நாள் ஓட்டியிருக்கிறார், வாயாலேயே.

வீட்டிலும் அதே வாய்தான். அவர் மனைவி புஷ்பவள்ளி தோசை வார்த்துக்கொண்டே, மலேசியத் தமிழர் பேச்சில் ஒட்டிக்கொள்ளும் 'லா'வோடு சொல்வாள்: "கொஞ்சம் சட்னி கேக்குறதுக்கு எதுக்குங்க லா அந்தக் குரலு? பக்கத்து வீட்டுக்காரங்க தட்டு எடுத்துக்கிட்டு வந்துடப் போறாங்க."

அர்ஜுனன் சிரிப்பார். அவரால் எதையும் சும்மா சொல்ல முடியாது. செபராங் பிறையில் ஒரு தோட்டத்தில் பிறந்து, இளவயதிலேயே பினாங்குக்கு வந்து, தியேட்டரில் கச்சான் கடலை விற்று, டிக்கெட் கிழித்து, கடைசியில் குரலை வைத்துப் பிழைப்பைப் பிடித்தவர். தொண்டைதான் அவர் சொத்து. அதற்கு அடுத்த சொத்து ஒரு பூனை. படம் பாதியில் விளக்குப் போட்டபோது இருக்கைகளுக்கு அடியிலிருந்து கத்திக்கொண்டு வந்த குட்டி அது. அதனால் அதன் பெயர் இன்டர்வெல். வெள்ளை உடம்பு, கறுப்பு வால், மகாராணிக்கு இருக்க வேண்டிய திமிர். மதியச் சாப்பாட்டுக்கு வேன் வந்து நின்றால் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

அவர்கள் இருந்த லோரோங்கில், அந்தச் சின்னச் சந்தில், பூனை இல்லாத வீடு குறைவு. பக்கத்து வீட்டு நூர்ஜானிடம் ஒரு பட்டாளமே இருந்தது. அவள் புருஷன் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் ஒரு நாசி கண்டார் சோற்றுக் கடையில் வேலை பார்த்தான். சாயங்காலம் அவன் மீன் தலைப் பொட்டலத்தோடு திரும்பும் நேரம் பூனைகளுக்குத் தெரியும். அத்தனையும் லோரோங் முனையில் வரிசை கட்டி நிற்கும். பிள்ளை இல்லாத நூர்ஜான் அவற்றைப் பெயர் சொல்லித்தான் அதட்டுவாள், பெயர் சொல்லித்தான் கொஞ்சுவாள்.

பூனை இல்லாத வீடு என்றால் குலசேகரத்தின் வீடு. யாழ்ப்பாணத்துக் குடும்பம், அரசாங்க ஆபீசில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி இறந்த பின் தனியாள். வீட்டுக்குள் இருக்கும்போதும் சட்டைக்கு இஸ்திரி போட்டிருப்பார். வாசலில் ஆர்க்கிட் தொட்டிகள். பூனைகளுக்கு அந்தத் தொட்டியில் படுப்பதைப்போல் ஒரு சுகம் வேறு எங்கும் கிடைக்கவில்லை. ஒரு நாள் ஒடிந்த மொட்டு ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு கேட் அருகே நின்று, "இந்தப் பூனையளுக்கு ஒரு வழி பண்ணாமல் விடமாட்டன்!" என்று அவர் கத்தினார். தொட்டியைச் சுற்றிக் கம்பி வலை அடிப்பதைத்தான் மனிதர் அப்படிச் சொன்னார். கேட்டவர்கள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

ஏனென்றால் அடுத்த வாரமே பூனைகள் சாகத் தொடங்கின.

முதலில் நூர்ஜானின் மஞ்சள் பூனை. காலையில் நன்றாக விளையாடியது, மாலையில் நுரை நுரையாக வாந்தி, மறுநாள் இல்லை. பிறகு சாம்பல் பூனை. பிறகு எதிர்வீட்டுக் குட்டிகளில் இரண்டு. திடீர் வாந்தி, திடீர் சாவு என்றால் வேறென்ன, விஷம்தான்! லோரோங் முழுக்க ஒரே பேச்சு. விஷத்துக்கு மருந்து இளநீர் என்பது பினாங்கில் எல்லாருக்கும் தெரியும். தமிழரிடம் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள், மலாய்க்காரரிடம் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். அர்ஜுனன்தான் இளநீர் வண்டிக்காரரிடம் ஓடினார். அவர்தான் சாம்பல் பூனையின் வாயைப் பிளந்து பிடித்தார், நூர்ஜான் ஊற்றினாள். பூனை மூக்கு வழியாக விட்டது, திமிறியது, இருமியது, அவர் கையிலேயே செத்தது.

"யா அல்லாஹ்! வாயில்லாத ஜீவனுக்கு எவன் விஷம் வச்சானோ, அவன் நல்லா இருப்பானா அண்ணே?" என்று நூர்ஜான் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

அர்ஜுனனுக்கு ரத்தம் கொதித்தது. மறுநாள் காலை விளம்பரத்துக்குக் கிளம்பியவர் குலசேகரத்தின் வாசலில் வேனை நிறுத்தினார். படத்தின் பெயரைப் பாதியில் விட்டார். "பொதுமக்கள் கவனத்திற்கு! நமது லோரோங்கில், படித்த ஒரு பெரிய மனிதர், பூ உயிரைக் காப்பாற்றப் பூனை உயிரை எடுக்கிறார்! விஷம் வைத்தவரே! உங்கள் மனசாட்சி எங்கே? எங்கே? எங்கே?"

பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் என்ன இருந்தது? அன்றிலிருந்து ரொட்டிக்காரன் அந்த கேட்டில் நிற்கவில்லை. கோயிலில் அவர் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. யாரோ ஒரு புண்ணியவான் ஆர்க்கிட் தொட்டிகளை உடைத்துப் போட்டான். குலசேகரம் வெளியே வந்தார். உடைந்த ஓடுகளைக் கூட்டி அள்ளினார், கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்த வாரம் முடிவதற்குள் இன்டர்வெல் சாப்பிடாமல் படுத்தது.

மதியம் வேன் வந்து நின்றும் அது எழுந்து வரவில்லை. குளியலறை வாசலில், தண்ணீர்ச் சட்டிக்கு முன்னால் குந்தியிருந்தது. தலை தொங்கித் தண்ணீரைத் தொடுகிற மாதிரி இருந்தது. குடிக்கவில்லை.

"என்னாங்க, இதுக்கும் வச்சுட்டான் லா!" என்று புஷ்பவள்ளி அலறினாள்.

அர்ஜுனன் பூனையைத் துண்டில் சுற்றினார். இந்த முறை இளநீருக்கு ஓடவில்லை. விஷம்தான் என்று டாக்டர் கையால் ஒரு சர்ட்டிபிகேட் வாங்கி, நேராகப் போலீசுக்குப் போய், அந்தக் குமாஸ்தாவை உள்ளே தள்ள வேண்டும்! இந்த ஆத்திரத்தில்தான் அவர் அரசாங்கக் கால்நடை மருந்தகத்துக்கு வேனை விட்டார். பூனையைப் பிழைக்க வைக்கலாம் என்ற எண்ணமே அவருக்கு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அங்கே இருந்தது டாக்டர் யோகலட்சுமி. வயது குறைவு, பேச்சு வேகம். பூனையின் முதுகுத் தோலைக் கிள்ளி இழுத்துப் பார்த்தார். இழுத்த தோல் இறங்காமல் அப்படியே நின்றது.

"தண்ணிச் சட்டி முன்னால தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்துச்சா? குடிக்கப் போற மாதிரி, ஆனா குடிக்காம?"

அர்ஜுனன் வாய் பிளந்தார். "ஆமா டாக்டர். நீங்க பக்கத்துல இருந்து பார்த்த மாதிரி சொல்றீங்க."

"விஷம் இல்லைங்க இது. வைரஸ். பூனைக்கு வர்ற குடல் காய்ச்சல், என்டரைட்டிஸ்னு சொல்லுவோம்."

"இல்ல டாக்டர், எங்க லோரோங்ல ஒரு ஆளு..."

"அந்த ஆளு கெலுகோருக்கும் போனாரா? ஆயர் ஈத்தாமுக்கும் போனாரா? அங்கேயும் இப்படித்தான் சாகுது. தீவு பூரா சைக்கிள்ல சுத்தி விஷம் வச்சாரா அவரு?" டாக்டர் பேசிக்கொண்டே ஊசியை எடுத்தார். "கெட்டியா புடிங்க. உப்புத் தண்ணி ஏத்தப் போறேன்."

பூனையின் தோலுக்கடியில் தண்ணீர் இறங்கி, முதுகில் ஒரு திமில் எழுந்தது. அர்ஜுனன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் விளக்கினார். இந்த வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது. ஆனால் வாந்தியிலும் பேதியிலும் உடம்புத் தண்ணீர் வற்றித்தான் பூனைகள் பாதி சாகின்றன. அந்தத் தண்ணீரை நாம் ஏற்ற வேண்டும். வேறு கிருமி சேராமல் ஊசி போட வேண்டும், சூடாக வைத்திருக்க வேண்டும். மற்றதை அதன் உடம்பே சண்டை போட்டுப் பார்த்துக்கொள்ளும். எல்லாம் பிழைக்காது. முதல் நாளே தூக்கி வந்தால் நிறையப் பிழைக்கும். நோய் வராத பூனைக்குத் தடுப்பூசியும் இருக்கிறது.

"இளநீர் கொடுக்கலாமா டாக்டர்?" என்று அர்ஜுனன் மெல்லக் கேட்டார்.

"வாந்தி எடுக்கிற பூனைக்கு வாயில எதையும் ஊத்தக் கூடாது. நுரையீரலுக்குள்ள போயிடும்."

சாம்பல் பூனை அவர் கையில் இருமியது ஞாபகம் வந்தது. 

தினமும் காலையில் பூனையும் அவருமாக மருந்தகத்துக்குப் போனார்கள். ஒரு நாள் அது கண்ணைத் திறக்கவில்லை. புஷ்பவள்ளி மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். அடுத்த நாள் தலையைத் தூக்கியது. அதற்கடுத்த நாள், டாக்டர் ஊசியை எடுத்தபோது, உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் திரட்டி அவர் கையைக் கடித்தது பாருங்கள்!

"கடிச்சிருச்சு! டாக்டர், கடிச்சிருச்சு! ஜெயிச்சிட்டோம்!" அர்ஜுனன் போட்ட சத்தத்தில் வெளியே கட்டியிருந்த ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே சிரித்தார். பிறகு பெருமூச்சு விட்டார். "உங்க பூனை வந்துச்சு, பிழைச்சுது. மத்தவங்க யாரு கொண்டு வர்றாங்க? விஷம்னு நினைச்சு வீட்டுல வச்சுக்கிட்டு இளநீர் ஊத்துறாங்க. சொல்றதுக்கு ஆளு இல்ல."

"ஆளு இல்லையா?" அர்ஜுனன் எழுந்து நின்றார். "டாக்டர், என் பொழைப்பே சொல்றதுதான் லா!"

அறிகுறி என்ன, என்ன செய்ய வேண்டும், மருந்தகம் எப்போது திறந்திருக்கும் என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு அவர் வேனில் தாவி ஏறினார். குலசேகரத்தின் நினைவு வராமல் இல்லை. வந்தது, முள்ளாகக் குத்தியது. ஆனால் நல்ல சேதியை உரக்கச் சொன்னால் முன்பு சொன்ன கெட்ட சேதி தானாக அழிந்துவிடும் என்று அந்த மனிதர் தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டார். மன்னிப்புக் கேட்க வெட்கப்படுகிறவர்கள் எல்லாரும் சொல்லிக்கொள்ளும் சமாதானம்தான் இது.

மறுநாள் டத்தோ கிராமாட் அதிர்ந்தது.

"இதோ வருகிறது! வந்தேவிட்டது! உங்கள் இல்லங்களைக் கலங்கடிக்க, கண்களைக் குளமாக்க..." மூச்சை நிறுத்தினார். காய்கறி வாங்கப் பாசாருக்குப் போனவர்கள் கூடையோடு நின்றார்கள். "பூனைக்... குடல்... காய்ச்சல்! பூனைக் குடல் காய்ச்சல்! பூனைக் குடல் காய்ச்சல்! கொண்டு செல்வீர் கால்நடை மருந்தகம்! முதல் நாளே... முதல் நாளே... முதல் நாளே!" பழக்க தோஷம், கடைசியில் அதுவும் வாயில் வந்துவிட்டது: "காணத் தவறாதீர்கள்!"

மருந்தகத்துக்கு ஒரு பூனைகூடப் போகவில்லை. தியேட்டர் வாசலில் கூட்டம் கூடியது.

"பூனைப் படத்துக்கு ரெண்டு டிக்கெட் கொடுங்க" என்று கவுண்டரில் கேட்டார்கள். "ஹீரோ யாரு? புதுமுகமா?" என்று விசாரித்தார்கள். "முதல் நாளே பார்க்கணும்னு அர்ஜுனன் அண்ணன் சொன்னாரே!" என்று ஒரு பெண்மணி சண்டைக்கே வந்துவிட்டாள். தியேட்டர் மானேஜர் அர்ஜுனனைக் கூப்பிட்டு, ஓடுகிற படத்தை விட்டுவிட்டு இல்லாத படத்துக்கு விளம்பரம் செய்த உலகத்தின் முதல் ஆள் நீதான் என்று திட்டித் தீர்த்தார்.

அர்ஜுனன் தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் பொய்யைச் சொன்னபோது நம்பிய ஊர், உண்மையைச் சொன்னபோது டிக்கெட் கேட்டது!

மறுநாள் காலை, வேனை எடுக்க வெளியே வந்தவர் வேலிக்கு அந்தப்பக்கம் பார்த்தார். நூர்ஜானின் கடைசிப் பூனை பட்டு, தண்ணீர்ச் சட்டிக்கு முன்னால் குந்தியிருந்தது. தலை தொங்கியிருந்தது. பட்டாளத்தில் மிஞ்சியது அது ஒன்றுதான். இரவெல்லாம் நூர்ஜானின் காலடியில் படுத்துக்கொள்ளும் பூனை. நூர்ஜான் வாசல்படியில் உட்கார்ந்து இளநீர் சீவிக்கொண்டிருந்தாள்.

அர்ஜுனன் வேலியைத் தாண்டிக் குதித்தார். வேட்டி கிழிந்தது. "நூர்ஜான்! வேணாம்! அதை ஊத்தாதே! இது விஷம் இல்ல. வைரஸ். டாக்டர்கிட்ட போவோம், எழுந்திரு!"

"போங்கண்ணே. நேத்து படம்னு சொன்னீங்க. இன்னைக்கு வந்து கச்சாவ் பண்ணாதீங்க, என்னைச் சும்மா விடுங்க."

"படம் இல்ல லா அது! நிஜம்! இன்டர்வெல் பிழைச்சுதா இல்லையா? நீயே பார்த்தியே."

"அதுக்கு விஷம் கொஞ்சமாப் பட்டிருக்கும்." நூர்ஜான் நிமிர்ந்தாள். கண் சிவந்திருந்தது. "நீங்க எது சொன்னாலும் அப்படித்தான் இருக்கும். எல்லாப் படமும் நூறு நாளுன்னு சொல்லுவீங்க. ஆனா அன்னைக்கு ஒண்ணு சொன்னீங்களே, அந்த ஆளு வாசல்ல வேனை நிறுத்தி, விஷம் வச்சவரேன்னு. அது ஒண்ணுதான் நீங்க நெஞ்சுல இருந்து சொன்னது. அது பொய்யா? பொய்னா எதுக்குச் சொன்னீங்க? ஊரு பூரா கேக்குற மாதிரி சொன்னீங்களே!"

 புஷ்பவள்ளி பின்னால் வந்து நின்றிருந்தாள்.

"சொன்ன வாயே போய் மாத்திச் சொல்லணும்ங்க. அதே இடத்துல" என்றாள்.

பட்டு மஞ்சள் நுரையாக வாந்தி எடுத்தது. நூர்ஜான் இளநீரைக் கிண்ணத்தில் ஊற்றினாள்.

"நூர்ஜான், உன் காலைப் பிடிக்கிறேன். நான் வர்ற வரைக்கும் ஊத்தாதே!" அர்ஜுனன் ஓடினார். கிழிந்த வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேனில் ஏறி, சாவியைத் திருகி, மைக்கைப் பிடித்தார்.  குலசேகரத்தின் கேட் முன்னால் வேனைக் குறுக்கே நிறுத்தினார்.

"பொதுமக்கள் கவனத்திற்கு!"

தொடங்கியதும் தெரிந்துவிட்டது, அது படக் குரல். தொண்டையைக் கனைத்தார். மறுபடி ஆரம்பித்தார். இந்த முறை வந்த குரலை லோரோங்கில் யாரும் கேட்டதில்லை. அவருக்கே அது புதிது. கரகரப்பாக, சின்னதாக இருந்தது.

"நான் அர்ஜுனன் பேசுறேன். போன வாரம் இதே இடத்துல நின்னு ஒரு பொய் சொன்னேன். இந்த வீட்டு ஐயா பூனைக்கு விஷம் வச்சாருன்னு சொன்னேன். அவரு வைக்கல. யாருமே வைக்கல. அது நோய். நான் விசாரிக்காமச் சொன்னேன். அவரு தொட்டியை உடைச்சது எவனோ, உடைக்க வச்சது என் வாய். ஐயா, என்னை மன்னிச்சிடுங்க. எல்லாரும் கேளுங்க, அது பொய்."

கதவுகள் திறந்தன. ஜன்னல்கள் திறந்தன. மாவு கையோடு சில பெண்கள் வந்து நின்றார்கள். யாரும் ஹீரோ யார் என்று கேட்கவில்லை.

குலசேகரத்தின் கதவும் திறந்தது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, மூக்குக் கண்ணாடி. அவர் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். அர்ஜுனனைப் பார்க்கவில்லை. வேனுக்குள் கையை விட்டு, முன்சீட்டில் கிடந்த டாக்டரின் தாளை எடுத்தார். மேலிருந்து கீழ்வரை படித்தார். பிறகு அர்ஜுனனின் கையிலிருந்து மைக்கை வாங்கி, ஆபீசில் சுற்றறிக்கை வாசிக்கிற அதே குரலில் வாசிக்க ஆரம்பித்தார்.

"இத்தால் சகலருக்கும் அறியத் தருவது யாதெனில். இது திரைப்படம் அல்ல. முதலாவது. பூனை சாப்பிடாமல், வாந்தி எடுத்து, தண்ணீர்ப் பாத்திரத்தின் முன் தலையைத் தொங்கவிட்டு இருக்குமாயின், அது நஞ்சு அல்ல, வைரஸ் நோய் ஆகும். இரண்டாவது. இளநீரோ வேறு பானமோ வாயில் ஊற்றுதல் கூடாது. மூன்றாவது. அன்றைய தினமே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு செல்லப்பட வேண்டும். காலையில் எட்டு மணிக்குத் திறப்பார்கள். நாலாவது. இறந்த பூனையின் பாத்திரம், சாக்கு என்பவற்றில் வேறு பூனையை வைக்கலாகாது. குளோராக்ஸ் கிருமிநாசினி கொண்டு தரையைக் கழுவவும். ஐந்தாவது. சுகமாய் உள்ள பூனைகளுக்குத் தடுப்பூசி உண்டு. மனிதருக்கு இந்நோய் தொற்றாது."

ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை, உப்பு இல்லை, புளி இல்லை. இப்படி ஒரு குரலை எந்தத் தியேட்டரும் காசு கொடுத்து வாங்காது. அதனால்தான் அது ஒவ்வொரு வார்த்தையாக ஊருக்குள் இறங்கியது. உலகத்தில் எந்த மனிதனும் விளையாட்டுக்காக அப்படிப் பேச மாட்டான் என்று கேட்ட எல்லாருக்கும் தெரிந்துவிட்டது!

"தண்ணிச் சட்டி முன்னால தலையைத் தொங்கவிட்டு..." என்று எதிர்வீட்டுப் பெண் தனக்குள் முணுமுணுத்தாள். "செத்துப்போன எங்க குட்டிங்களும் அப்படித்தானே இருந்துச்சு!"

நூர்ஜான் ஓடி வந்தாள். காலில் செருப்பு இல்லை, முக்காடு தோளில் கிடந்தது, நெஞ்சோடு துண்டில் பட்டு. "அண்ணே! வண்டியை எடுங்கண்ணே! நான் ஊத்தல, ஒரு சொட்டு ஊத்தல! எடுங்கண்ணே!"

அவள் முன்சீட்டில் ஏறினாள். குலசேகரம் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டே பின்னால் ஏறி, போஸ்டர்க் கட்டுகளின் மேல் உட்கார்ந்துவிட்டார். எதிர்வீட்டுப் பெண் மிஞ்சிய ஒரு குட்டியோடு ஓடி வந்து ஏறினாள். அர்ஜுனன் வேனை விரட்டினார். அன்று டத்தோ கிராமாட்டில் நடந்ததைப் பார்த்தவர்கள் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் காதலர்கள் கட்டிப்பிடித்த போஸ்டர், கூரைக் குழாயில் "முதலாவது, இரண்டாவது" என்று ஒரு சுற்றறிக்கை, உள்ளே பூனைகள்! சாலையில் போனவர்கள் நின்று கேட்டார்கள். கேட்டவர்களில் சிலர் வீட்டுக்கு ஓடினார்கள்.

மருந்தகத்தில் பட்டுவை மேசையில் வைத்ததும் டாக்டர் தோலைக் கிள்ளிப் பார்த்தார். முகம் இறுகியது. "தாமதம் இல்ல, ஆனா வேகமா வத்திப் போச்சு. அசையாம புடிங்க."

நூர்ஜான் பிடித்தாள். கை உதறியது. ஊசி விலகியது. மறுபடியும் பிடித்தாள், மறுபடியும் உதறியது. அர்ஜுனன் கையை நீட்டினார். அவர் கையும் நிலையாக இல்லை என்பதை நூர்ஜான் பார்த்தாள். சுற்றிப் பார்த்தாள். சுவரோரம் குலசேகரம் நின்றுகொண்டிருந்தார்.

"ஐயா" என்றாள். குரல் உடைந்தது. "நீங்க புடிச்சுக்குறீங்களா? எனக்கு இது ஒண்ணுதான் மிச்சம்."

அந்த லோரோங்கே பூனைக் கொலைகாரன் என்று சொன்ன மனிதர் முன்னால் வந்தார். சட்டைக் கையை மடித்தார். ஒரு கையால் பட்டுவின் தோளையும் இன்னொரு கையால் இடுப்பையும் பிடித்தார். கடைசிச் சொட்டு இறங்கும் வரை அந்தக் கைகள் அசையவில்லை. பட்டு அவர் சட்டை மேலேயே வாந்தி எடுத்தது. அதற்கும் அசையவில்லை.

"பயப்பிடாதையம்மா" என்று பூனையிடம் சொன்னாரோ நூர்ஜானிடம் சொன்னாரோ, தெரியாது.

அவர்கள் வெளியே வந்தபோது மருந்தகத்து வாசலில் பூனைகள் வந்திருந்தன. அரிசிச் சாக்கில் ஒன்று, கிளிக்கூண்டில் ஒன்று, சாரோங்கில் தூளி கட்டி ஒன்று. டாக்டர் எட்டிப் பார்த்தார். "அலாமா!" என்றார். உதவியாளரைக் கூப்பிட்டு, தடுப்பூசி இன்னும் வேண்டும், அக்கரையில் பட்டர்வொர்த்துக்கு உடனே போன் போடு என்றார். சத்தமாகச் சிரித்தார். "கெலுகோர்ல இருந்துதான் இன்னும் ஒரு பூனையும் வரல" என்றார்.

அதன் பிறகு பட்டுவுக்கு வந்த நாட்கள் கெட்ட நாட்கள். நூர்ஜான் சுடுதண்ணீர் போத்தலைத் துணியில் சுற்றி அதன் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தினமும் காலையில் வேன் வந்தது. தினமும் குலசேகரம் கேட்டில் காத்திருந்து ஏறினார், பூனையைப் பிடித்தார், இறங்கினார். அர்ஜுனனிடம் மட்டும் பேசவில்லை. "ஐயா, காத்து வருதா, ஜன்னலைச் சாத்தவா?" என்று கேட்டால்கூட வெளியே பார்ப்பார். பேசாத தண்டனை அர்ஜுனனைப்போல வாயாடிக்கு எப்படி இருந்திருக்கும்? அவர் சோறு சரியாகச் சாப்பிடவில்லை என்று புஷ்பவள்ளி சொன்னாள். எதிர்வீட்டுக் குட்டி இறந்துவிட்டது. பட்டுவும் போய்விட்டால் லோரோங் மறுபடியும் இளநீருக்குப் போய்விடும், நூர்ஜானுக்கு வீடு வெறும் சுவராகிவிடும் என்று அவருக்குப் பயம்.

ஒரு காலை அர்ஜுனன் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டிலிருந்து ஓர் அலறல். வாளி கையிலிருந்து நழுவியது. போய்விட்டது என்றே நினைத்தார்.

நூர்ஜான் வெளியே பாய்ந்தாள். புருஷன் பின்னால் நின்று கூப்பிட்டான், அவள் திரும்பவில்லை. அர்ஜுனனைத் தாண்டி ஓடினாள். நேராகக் குலசேகரத்தின் கேட்டுக்குப் போய் இரண்டு கையாலும் தட்டினாள்.

"ஐயா! தண்ணி குடிச்சிருச்சு! தானா எழுந்து போய்க் குடிச்சிருச்சு! சட்டியைக் காலி பண்ணிருச்சு ஐயா! மீன் கேக்குது! என் பட்டு மீன் கேக்குது!"

லோரோங்கே திரண்டுவிட்டது. புஷ்பவள்ளி நூர்ஜானைக் கட்டிக்கொண்டு அழுதாள். யாரோ கை தட்டினார்கள். குலசேகரம் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் போலும், வாயோரம் நுரை. வாழ்க்கையில் முதல் தடவையாகப் பனியனோடு வாசலுக்கு வந்து நின்றார். "ஓம், ஓம், நல்லம், நல்லம்" என்று தலையாட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றித் துடைத்தார்.

பிறகு உள்ளே போனார். திரும்பி வந்தபோது இஸ்திரிச் சட்டை போட்டிருந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு, வேனுக்குப் பக்கத்தில் ஈர வேட்டியோடு நின்ற அர்ஜுனனிடம் வந்து நின்றார். அவர் முகத்தை நேராகப் பார்த்தார்.

"வண்டியை எடும், தம்பி" என்றார். "கெலுகோர்ச் சனத்துக்கு நாங்கள் இன்னும் சொல்லேல்லை."